அரண்மனைக்காரத் தெருவுல அரண்மனையே இல்ல

புது ஏரியாவ வண்டில போகாம நடந்தே பாக்கணும்னு எழுதிருக்கீங்க, கரெக்ட். நான் மதுரைக்காரன், மெட்ராஸ் வந்து ஆறு வருஷம் ஆகியும் பாரிமுனைனா கோயம்பேடு பஸ் ஏறுற இடம்னுதான் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை அங்க வந்த வேலை சீக்கிரம் முடிஞ்சுது, சரின்னு அப்படியே அரண்மனைக்காரத் தெருக்குள்ள புகுந்தேன். அரண்மனை எங்கண்ணேன்னு கடைக்காரர்கிட்ட கேட்டா சிரிக்கிறாரு, ஆர்மேனியன் தெருங்கறது நம்மாளுங்க வாயில அப்படி ஆயிடுச்சாம். அந்தோணியார் கோயிலுக்கு வந்த கூட்டம் ரோட்ட அடைச்சு நிக்குது, ஆனா கொஞ்சம் தள்ளி 1772ல கட்டுன ஆர்மேனியன் சர்ச்சுக்குள்ள ஒரு ஈ காக்கா இல்ல. தரையெல்லாம் கல்லறைக் கல்லு, அதுல ஜாங்கிரி சுத்துன மாதிரி ஒரு எழுத்து. உலகத்தோட முதல் ஆர்மேனிய பத்திரிகைய 1794ல இதே மெட்ராஸ்ல நடத்துன பாதிரியாரும் அங்கதான் படுத்திருக்காரு. செருப்பக் கழட்டணுமா வேணாமான்னு தெரியாம கைல தூக்கிட்டே சுத்துனேன் 😄

அப்புறம் பீச் ஸ்டேஷன் பக்கம் செகண்ட் லைன் தெருவுல அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் சாப்டேன். பர்மாலேர்ந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டாந்தது. கலர் நூடுல்ஸ், கோஸு, பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி எல்லாத்தையும் கடைக்கார அண்ணன் கையாலயே பிசைஞ்சு குடுத்தாரு, கூட சுடச்சுட வாழைத்தண்டு சூப்பு. ரெண்டாவது பிளேட்டுக்கு காசு பத்தல, ஜிபே பண்ணலாம்னா போன்ல சார்ஜ் இல்ல. நாளைக்கு குடு தம்பின்னுட்டாரு.