மைக் பிடித்தவர்களின் தைரியமும் நம்முடைய பயமும்

"விசுவாசம் இருக்கிறவனுக்குப் பயம் ஏது?" என்று மேடையில் மைக் பிடித்துச் சொல்வது சுலபம். கூட்டமும் உடனே 'ஆமென்' சொல்லிவிடும். ஆனால் வீட்டில் ஒற்றை ஆளாக ஜெபிக்கிறவருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் வசவு வாங்குகிறவருக்கும் அதனால் என்ன பயன்? இருக்கிற பயம் போதாதென்று, 'எனக்கு விசுவாசமே இல்லையோ' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். எனக்கு இந்தப் பேச்சு ஒத்துவரவே இல்லை. வேதத்தில் தைரியசாலிகள் என்று நாம் கொண்டாடுகிறவர்கள் யாரும் இப்படிப் பேசியதில்லை.

வேதத்தில் அப்போஸ்தலர் புத்தகத்தின் 4-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவின் சீஷர்களான பேதுருவும் யோவானும் ஓர் இரவு முழுக்கக் காவலில் இருந்துவிட்டு யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிற்கிறார்கள். இயேசுவின் நாமத்தில் இனி வாயே திறக்கக் கூடாது என்று மிரட்டல். கண்டதையும் கேட்டதையும் பேசாமல் இருக்க எங்களால் முடியாது என்று அவர்கள் சொன்ன பதிலை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அப்புறம் நடந்ததைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. வெளியே விட்டதும் இருவரும் தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்து, நடந்ததையெல்லாம் சொல்கிறார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபத்தில் எதிரிகளை அழித்துப்போடும் என்ற வார்த்தை இல்லை. இந்தத் தொல்லையை நீக்கும் என்றுகூட இல்லை. அவர்களுடைய பயமுறுத்தல்களைக் கவனியும், உம்முடைய வசனத்தை முழு தைரியத்தோடு சொல்ல அருளும். கூடவே, நோயாளிகள் குணமாகவும் அடையாளங்களும் அற்புதங்களும் நடக்கவும் கேட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்களுடைய தைரியத்தைப் பார்த்துச் சங்கமே ஆச்சரியப்பட்டதாக அதே அதிகாரம் சொல்கிறது. ஊரே மெச்சிய தைரியம் கையில் இருக்கும்போதே, 'இன்னும் தாரும்' என்று கேட்கிறார்கள்.

ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்ன அப்போஸ்தலன் பவுலும் இதே ரகம்தான். கொரிந்துக்கு வந்தபோது பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாக அவரே அந்தச் சபைக்கு எழுதுகிறார். அந்த ஊரில்தான் கர்த்தர் இரவில் தரிசனமாகி, பயப்படாமல் பேசு என்கிறார். பயமே இல்லாத ஆளிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லையே! கூடவே இரண்டு காரணங்களும் சொல்கிறார். ஒன்று, நான் உன்னோடிருக்கிறேன். இன்னொன்று, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு. எனக்கு அந்த இரண்டாவது காரணம் ரொம்பப் பிடிக்கும். பவுலுக்கு இன்னும் முகம் தெரியாத ஆட்கள் அவர்கள். அந்த ஊரில் அவர் ஒன்றரை வருஷம் தங்கிவிட்டார்.

சரி, எதிர்ப்பு வந்தால் நின்றே ஆக வேண்டுமா? ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். பவுல் தமஸ்குவிலிருந்து ராத்திரியில் கூடையில் இறங்கித் தப்பியவர்தான். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் ஆயராக இருந்த பாலிகார்ப்பும், நண்பர்கள் வற்புறுத்தியதால் முதலில் ஒரு பண்ணைவீட்டில் ஒளிந்துகொண்டார். கடைசியில் தேடி வந்தவர்களுக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். நின்றபடியே இரண்டு மணி நேரம் ஜெபித்தார். பிடிக்க வந்தவர்களில் சிலருக்கு மனசே கேட்கவில்லையாம். கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுகிறேன் என்றார் ஆளுநர். 86 வருஷமாக அவருக்கு ஊழியம் செய்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்றார் கிழவர். ஒளிந்தவரும் அவர்தான், இப்படிச் சொன்னவரும் அவர்தான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், சிலருக்குக் கோபம் வரலாம். நமக்கு வருகிற எதிர்ப்பெல்லாம் கிறிஸ்துவுக்காக வருவது என்று கணக்கெழுதிவிட முடியாது. அந்நிய காரியங்களில், அதாவது அடுத்தவர் விவகாரங்களில், தலையிட்டுப் பாடுபடாதீர்கள் என்று பேதுரு எழுதும்போது, அதைக் கொலை, திருட்டு இருக்கிற அதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார். அடுத்தவர் நம்பிக்கையைக் கிண்டலடித்து வாங்கிக் கட்டிக்கொண்டு, அதை 'உபத்திரவம்' என்று ஸ்டேட்டஸ் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள் என்றவரும் இதே பேதுருதான். ஒரு காலத்தில் வாள் எடுத்துக் காதை வெட்டியவர்; அவருக்குத் தெரியாததா!

எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், விலங்கு போட்ட கையோடு பவுல் ஒரு ஜெபக் குறிப்பு அனுப்புகிறார். விடுதலை வேண்டும் என்று கேட்கவில்லை, நான் தைரியமாய்ப் பேச எனக்காக ஜெபியுங்கள் என்கிறார். அப்போஸ்தலனே சபையிடம் கேட்டு வாங்கிக்கொண்ட ஒன்றை, நேற்று ஞானஸ்நானம் எடுத்த பிள்ளையிடம் 'உனக்கு ஏன் இல்லை?' என்று அதட்டுவது என்ன நியாயம்?