சனிக்கிழமை எழுந்த சிரிப்பு

சனிக்கிழமை அரங்கில் நடந்ததைப் பலரும் பார்த்தீர்கள். "பெரியவர், விட்டுவிடு" என்று அன்றிலிருந்து எல்லோரும் சொல்கிறீர்கள். விட முடியவில்லை. "தூரிகை பிடிக்க வராதவர்கள்தான் முதுநிலையில் ஆய்வு என்று ஒதுங்குகிறார்கள்" என்று அந்தப் பெரியவர் சொன்னதும் அரங்கம் சிரித்தது. என் ஆய்வேடு அவர் முன்னால்தான் இருந்தது. அவர் அதைத் திறக்கவே இல்லை.

ஓவியம் போன்ற காண்கலையில் ஆய்வு செய்வது வரைவதிலிருந்து தப்பி ஓடுவது அல்ல. முதுநிலை படித்த அந்த இரண்டு ஆண்டுகளில் வரைந்த அளவுக்கு நான் அதற்கு முன் வரைந்ததில்லை.

என் ஆய்வு கடைப் பலகை எழுத்தைப் பற்றியது. 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணையோடு ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவம், எழுத்தின் முன்னால் யானைத் தும்பிக்கைபோல் வளைந்து ஒட்டிய வடிவம், பாடநூலைவிட்டுப் போனது. எங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ, அதற்குப் பல ஆண்டுகள் கழித்து எழுதிய பலகைகளிலும் பழைய லை அப்படியே நிற்கிறது. ஏன்? கடை கடையாகப் போய் அளந்தேன், படமெடுத்தேன். விடை கிடைக்கவில்லை. பிறகு தகரத்தில் நூலடித்து, எனாமல் பெயிண்டில் 'வெற்றிலை மண்டி' என்று இரண்டு விதமாகவும் எழுத ஆரம்பித்தேன். எத்தனையாவது தகரம் என்று நினைவில்லை, ஒரு நாள் கைக்குப் புரிந்தது. பழைய லையில் தூரிகையைத் தூக்காமல் அப்படியே லகரத்துக்குள் இறங்கிவிடலாம். புதியதில் ஐகாரக் குறியை முடித்து, நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். அந்தத் தகரங்கள்தான் என் ஆய்வு. ஆய்வேடு அவற்றுக்குப் பிறகு எழுதியது.

"ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஆய்வேடா எழுதினார்?" என்று கேட்பீர்கள். எழுதவில்லை. ஆனால் 1963-இல் தொடங்கிய அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டங்களையும் எழுத்தையும் ஆண்டுக்கணக்காகத் துருவிப் பார்க்காத ஒருவரால் அதை வரைந்திருக்க முடியுமா? அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

வேலை கிடைக்குமா என்றால், எளிதில் கிடைக்காது. வெட்டி ஒட்டிய ஆய்வேடுகள் உண்டா என்றால், உண்டு, நானும் படித்திருக்கிறேன். மோசமான ஓவியங்களும்தான் இருக்கின்றன. அதற்காக யாரையும் வரையாதே என்று சொல்கிறோமா?

என்னைச் சொன்னதுகூடப் பெரிதில்லை. "போர்டு எழுதுவதெல்லாம் ஆய்வா?" என்று அடுத்து ஒரு வார்த்தை விட்டாரே, அதற்குத்தான் சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. என் அப்பா போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றிப் பரணில் வைத்தவர். லகரத்தைப் பற்றி நான் கண்டுபிடித்ததை அவரிடம் சொன்னபோது, "ஆமாம், கை அங்கே நிற்காது" என்றார். நாற்பது ஆண்டுகள் அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. நானும் அந்தப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் கேட்டேன்.

சனிக்கிழமை அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் ஆய்வேட்டைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று சொல்லி, வெள்ளைச் சட்டை போடச் சொல்லி, நான்தான் அழைத்து வந்திருந்தேன்.