நான்காம் மட்டச் சான்றிதழ் பட்டத்துக்குச் சமமா?

தொழில்நுட்பக் கல்லூரியில் பெறும் தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமமாகிவிட்டது என்ற செய்தி கிளிநொச்சி, முல்லைத்தீவு வட்ஸ்அப் குழுக்களில் 'நம் கல்லூரியின் சாதனை' என்ற தலைப்புடன் பகிரப்படுகிறது. இது தவறு.

இலங்கையின் தேசிய தொழிற்தகைமை (NVQ) என்ற, ஏழு மட்டங்கள் கொண்ட கட்டமைப்பில் முதல் நான்கும் சான்றிதழ்கள்; ஐந்தாவது டிப்ளோமா, ஆறாவது உயர் டிப்ளோமா, ஏழாவதே பட்டத்துக்கு நிகரானது. நான்காம் மட்டம் ஒருவர் தம் தொழிலை முழுமையாகக் கற்றுத் தேர்ந்தவர் என்பதைக் காட்டுவதால், அதற்குப் பொய்ப் பெருமை தேவையில்லை என்றே எண்ணுகிறேன்.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இதைச் சரிபார்க்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைக் குழப்பும் அச்செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.