பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிப் பார்த்தார்களா?

மழைச் சத்தத்துக்கு அடியில் 'என் நினைவாற்றல் பெருகுகிறது' என்ற வாசகத்தைக் காதுக்கு எட்டாத அளவில் பதித்து விற்கும் ஒலிப்பதிவை, கேட்டவர்களின் பாராட்டை மட்டும் வைத்து 'சோதிக்கப்பட்டது' என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பது போதாது. அமெரிக்க உளவியலாளர் அந்தோனி கிரீன்வால்டும் குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், இதேபோல் செய்தியை மறைத்துப் பதித்த நினைவாற்றல் ஒலிநாடாக்கள் சிலவற்றில் தன்மதிப்பு என்றும், தன்மதிப்பு நாடாக்கள் சிலவற்றில் நினைவாற்றல் என்றும் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். உள்ளிருந்த செய்தியால் சொல்லப்பட்ட பலன் எதுவும் விளையவில்லை, ஆனால் வெளியே ஒட்டியிருந்த பெயருக்கேற்பத் தாங்கள் முன்னேறிவிட்டதாகப் பலர் நம்பினார்கள். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகும் பிள்ளைகள் சிலர் கைப்பேசியைத் தலையணைக்கடியில் ஓடவிட்டே தூங்குகிறார்கள் (மழைச் சத்தத்துக்கு இங்கே என்ன பஞ்சம்!). வெறும் மழைச் சத்தம் மட்டுமுள்ள பதிவையும், எது எதுவென்று கொடுப்பவருக்கே தெரியாதபடி, கலந்து கொடுத்துத் தயாரிப்பாளர் சோதித்திருந்தால் அந்த முடிவையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.