கஞ்சமலைக் கருமண் தங்கமாகாது
“சேலம் கஞ்சமலைக் கருமண்ணைப் பாதரசம், மூலிகைச் சாறோடு காய்ச்சினால் தங்கம், ரசவாதம் எகிப்துக்கே இங்கிருந்துதான் போனது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

அந்த மண்ணில் ஒரு காந்தத்தைப் புரட்டுங்கள். கருந்துகள் மீசை மாதிரி சிலிர்த்து ஒட்டும். அது மேக்னடைட், இரும்புத்தாது. இரும்பின் அணுக்கருவில் 26 புரோட்டான், தங்கத்தில் 79. இந்த எண்ணிக்கை மாறினால்தான் இரும்பு தங்கமாகும். எந்தச் சாறும் அணுக்கருவைத் தொடாது.

எகிப்தில் சோசிமோஸ் என்ற ரசவாதி கி.பி. 300 வாக்கிலேயே ரசவாதம் பற்றி எழுதினார். அது சேலத்துச் சரக்கு என்பதற்கு ஆதாரமில்லை. அடிவாரச் சித்தர் கோயில், காலாங்கிநாதர் என்ற சித்தரின் கதை எல்லாம் நம்பிக்கை. அதோடு நமக்குச் சண்டையில்லை. திருமந்திரத்தில் தொட்டதைப் பொன்னாக்கும் பரிசனவேதி என்ற பொருள் வருவதும் குருவின் தீண்டலுக்கு உவமையாகத்தான்.

பாதரசத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள். அதன் ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.