ஆறு மாத சான்றிதழை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்

அண்ணாச்சி, பி.எஸ்சி. முடித்த பாளையங்கோட்டைப் பெண்ணிடம் “ஆன்லைனில் ஆறு மாத சர்டிபிகேட் போதும், ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன், அதாவது பதிவு பெற்ற உணவுமுறை நிபுணர்) ஆகிவிடலாம்” என்று கமெண்ட்டில் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஆர்.டி. என்பது இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவு செய்தவருக்குரிய தகுதி. அதை எழுதவே பி.எஸ்சி.க்கு மேல் எம்.எஸ்சி. அல்லது டயட்டெடிக்ஸில் (உணவுமுறைப் படிப்பில்) பிஜி டிப்ளமோ, கூடவே மருத்துவமனை இன்டர்ன்ஷிப் வேண்டும்.

அந்த இன்டர்ன்ஷிப்பைத்தான் நீங்கள் சொல்லும் கோர்ஸ்களால் தர முடியாது. சர்க்கரையோடு சிறுநீரகமும் கெட்டவர் வார்டில் படுத்திருக்கிறார், வீட்டார் ‘உடம்புக்கு நல்லது’ என்று இளநீரும் உளுந்தங்களியும் கொண்டு வருகிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு ஏறியிருக்கிறது, டயாலிசிஸ் தொடங்கியாயிற்றா, புரதத்தைக் குறைப்பதா கூட்டுவதா? டயாலிசிஸுக்கு முன் ஒரு கணக்கு, பின் வேறு கணக்கு. இதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது.

“அமெரிக்காவில் இளங்கலை டிகிரி போதும்” என்றும் சொன்னீர்கள், அது பழைய கதை. அங்கே 2024 ஜனவரி 1 முதல், பதிவுத் தேர்வுக்குப் புதிதாகத் தகுதி பெற முதுகலைப் பட்டம் கட்டாயம். மேற்பார்வையில் குறைந்தது 1,000 மணி நேரப் பயிற்சியும் உண்டு.

அப்புறம், இங்கேயும் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் முறைப்படுத்தும் தொழில்களின் பட்டியலில் டயட்டீஷியன் இருக்கிறார்.

தங்கச்சி, பணம் கட்டுவதற்கு முன்னால் கோர்ஸ்காரரிடம் ஒன்று கேளும்மா: எந்த மருத்துவமனையில், எத்தனை நாள் வார்டு பயிற்சி?