நற்கருணையில் வணக்கம்: வழங்கும் பக்கத்தையும் பார்ப்போம்

கத்தோலிக்கத் திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வழங்கப்படும் அப்பமான நற்கருணையை நாவில் வாங்குவதா, கையில் வாங்குவதா என்று நம் பங்குகளில் (கோயில் சமூகங்களில்) பேச்செடுத்தால் அது ஓய்வதே இல்லை. 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயராக (பிஷப்பாக) இருந்த புனித சிரிலின் பெயரில் வழங்கும் மறைக்கல்வி உரை, இடக்கையை வலக்கைக்கு அரியணையாக்கி ஏந்தச் சொல்வதோடு, பொற்துகளைக் காப்பதைவிடக் கவனமாக நற்கருணையின் துணுக்குகளைக் காக்கவும் சொல்கிறது. பின்னாளில் நாவில் வழங்குவதே பொது வழக்கமாயிற்று. 1969இல் உரோமை (வத்திக்கான்) வெளியிட்ட 'மெமோரியாலே தோமினி' என்ற ஆவணம் அந்த வழக்கத்தையே தக்கவைத்தது. கையில் வழங்கும் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றிய நாடுகளில் மட்டும், ஆயர் பேரவை மூன்றில் இரு பங்கு வாக்குடன் முடிவெடுத்து உரோமையின் ஒப்புதலைப் பெறலாம் என்றது. ஆகவே வரலாற்றைக் காட்டி எந்தத் தரப்பும் மற்றதை வாயடைக்க முடியாது.

என் குறை வேறு. நற்கருணைக்குக் காட்டும் வணக்கம் குறைந்துவிட்டது என்று மறையுரைகளில் மக்களைக் கடிந்துகொள்ளும் நாம், வழங்கும் ஏற்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2004இல் வெளியான 'ரெதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும்' அறிவுரைத் தொகுப்பு, வாங்குபவரின் நாடிக்குக் கீழே தட்டு ஏந்தும் வழக்கம் நீடிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பீடச்சிறுவர் ஒருவர் செய்யக்கூடிய இந்த எளிய பணி பல பங்குகளில் ஏன் மறைந்தது என்று கேட்டால், நேரமாகிறது என்பதைத் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை. அதே தொகுப்பு, கையில் வாங்கியவர் அதை வழங்கும் பணியாளரின் முன்னிலையிலேயே உட்கொள்வதை உறுதி செய்யச் சொல்கிறது. முழந்தாளிட்டோ நின்றோ வாங்க விரும்புகிறார் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. முழந்தாளிட்ட மூதாட்டியை, வரிசை தேங்குகிறது என்று எழுப்பிவிடுவதைப் பார்க்கும்போது, யாருக்கு மறைக்கல்வி தேவைப்படுகிறது என்ற ஐயம் எனக்கு வருகிறது.

திருவிழாக் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாகிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கூடும் திரளில் பிற சமயத்தவர் ஏராளம். மாதாவை நம்பி வரும் அவர்களில் சிலர், கோயில் பிரசாதம் வாங்கும் அதே பக்தியோடு இத்தகைய திருத்தலங்களில் நற்கருணை வரிசையிலும் நின்றுவிடுவது இயல்பே. அதை அவமதிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருவிருந்துக்கு முன், இது யாருக்கு உரியது, ஏன் என்று இரண்டு நிமிடம் கனிவாக அறிவித்து, மற்றவர்கள் செபத்தில் ஒன்றித்திருக்க அழைத்தாலே பெரும்பாலும் போதும். வரிசையில் நிற்கும் ஒருவரை எல்லார் முன்னிலையிலும் விரட்டுவதுதான் உண்மையில் கூச வைக்கிறது. (வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் படமெடுக்கும் நம் சொந்தக் கத்தோலிக்கரை என்ன செய்வது என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.)

கூட்டம் மிகும்போது உதவ, நற்கருணை வழங்கும் சிறப்புப் பணியாளர்களை 1973இன் 'இம்மென்சே காரித்தாத்திஸ்' என்ற உரோமை ஆவணம் அனுமதித்தது. குருக்களும் திருத்தொண்டர்களும் (டீக்கன்களும்) போதாதபோது மட்டுமே அந்த ஏற்பாடு. ஆனால் குருக்கள் இருக்கையில் அமர்ந்திருக்க, பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத இறைமக்கள்) மட்டும் வழங்கும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பணியாளர்களை நான் குறைகூறவில்லை. பலர் மிகுந்த பக்தியோடு செய்கிறார்கள். துணுக்கு விழுந்தால் என்ன செய்வது, 'கிறிஸ்துவின் திருவுடல்' என்று சொல்லிவிட்டு 'ஆமென்' என்ற பதிலுக்குக் காத்திருப்பது எப்படி என்றெல்லாம் அவர்களுக்கு ஆண்டுதோறும் யாராவது நினைவூட்டுகிறார்களா என்றுதான் கேட்கிறேன்.

பங்குத் திருவிழாவுக்கு முன் கூடும் பங்குப் பேரவையில் பந்தல், ஒலிபெருக்கி, சப்பரம் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். எத்தனை இடங்களில் நற்கருணை வழங்குவது, ஒவ்வோர் இடத்திலும் யார் தட்டு பிடிப்பது, நடக்க இயலாத முதியோருக்கு யார் கொண்டுபோவது ஆகிய மூன்றையும் அன்றைய பொருள்நிரலில் முதலில் சேர்க்கலாம்.